பிள்ளையார் மேல் விழுந்த சொட்டு

சாமி அறைக்கு நேர் மேலே பாத்ரூம் ஆகாது என்று வாஸ்துக்காரர் சொன்னாலும் சொன்னார், சிவசுப்பிரமணியன் மாடி பாத்ரூமை எதிர் மூலைக்கே மாற்றிவிட்டார். செப்டிக் டேங்க் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அதனால் கழிவுநீர்க் குழாய் வீட்டைக் குறுக்கே கடந்து, சாமி அறை சீலிங் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. இன்று காலை பிள்ளையார் படத்தின் மேல் முதல் சொட்டு விழுந்தது. கணவர் வாக்கிங் போயிருந்த நேரத்தில், ஜெயலட்சுமி வாஸ்து வரைபடத்தின் பின்பக்கத்தில் எழுதினாள்:

"ஏங்க, மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, தோசை ஊத்திக்குங்க. பதினோரு மணிக்கு வாஸ்துக்காரர் வராராம். சாமி ரூம்ல, பைப் ஜாயின்டுக்கு நேர் கீழ மணை போட்டு மரியாதையா உக்கார வைங்க. அப்புறம் மேல போயி ஃப்ளஷ் பண்ணுங்க. அதுவரைக்கும் பண்ணாதீங்க. நான் ஜெயங்கொண்டம், அம்மா வூட்டுக்குப் போறேன்."

கோபத்தில் எழுத்து பெரிதாகி, தாள் தீர்ந்துவிட்டது. அடியில் நெருக்கி எழுதினாள்:

"பிரஷர் மாத்திரைய மறந்துடாதீங்க.

சாமி படங்களத் தேடாதீங்க. நாலு பேரையும் பையில வச்சுக் கூட்டிட்டுப் போறேன். குழாய வெளிச்சுவர்ப் பக்கமா திருப்பிட்டு போன் பண்ணுங்க. அஞ்சு பேரும் வரோம்."