பேர் சொல்லிக் கூப்பிடும் வரை

வியாழக்கிழமை. சிங்கப்பூர், விடுதி அறை.

மலையூரான மன்னவனூரிலிருந்து கூட்டி வந்த என் மாணவிகளில் செல்வியை இன்று விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் பார்க்கப் போன இடத்தில், பெரிய கண்ணாடிக் கூடத்துக்குள் அருவியோடு மலைக்காடு வளர்த்து, குழாய் வழியாகப் பனிமூட்டம் விடுகிறார்கள். "நம்மூரு மேகத்தக் காட்டவா டீச்சர் பிளேன்ல கூட்டியாந்தீங்க?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். கிளம்பும்போது பஸ்ஸில் தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. என்னையும் சேர்த்து எண்ணிவிட்டது மதியம் ஒரு சாப்பாட்டுத் தட்டு மிஞ்சியபோதுதான் தெரிந்தது.

கூடத்துக்குத் திரும்ப ஓடிப்போய்ப் பார்த்தால் அருவிக்குப் பக்கத்தில், காலையில் நின்ற அதே இடத்தில் நிற்கிறாள். பனி எப்போதோ கலைந்திருந்தது. "செல்வி" என்றேன். அப்புறம்தான் காலை எடுத்து வைத்தாள்.

"வெளிய வந்திருக்கலாம்லடி?"

"மேகம் எறங்குனா, பேரு சொல்லிக் கூப்புடுற வரைக்கும் நின்ன எடத்த விட்டு அசையக் கூடாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?"

ஆமாம். ஊரில் மலையேறப் போகும்போதெல்லாம் சொல்வேன்.

சாயங்காலம் அவள் அம்மா போன் செய்தாள். "பிள்ள எப்படிங்க டீச்சர் இருக்கா?"

நல்லா இருக்கா என்றேன். அவளுக்குத்தான் அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லையே.

செல்வி பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறாள். இப்போது மெதுவாகப் பேர் சொல்லிப் பார்த்தேன்.

"வந்துட்டேன் டீச்சர்" என்று தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்தாள்.