உனக்கு விட்ட இடம்

என் செல்லத் தங்கச்சிக்கு,

தொண்டையில் போட்ட தையலைப் பிரித்துவிட்டதாக உன் வீட்டுக்காரர் சொன்னார். குரல் திரும்புமா என்று நான் கேட்கப் போவதில்லை.

சனிக்கிழமை நம் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள் முன்னால், நாம் மூவரும் தூசி தட்டி எடுத்த அந்த மலைப் பாட்டை நானும் தம்பி வெர்லனும் பாடினோம். எப்போதும்போல ஒரே மைக். மூன்றாவது சரணம் வந்ததும் என்னையறியாமல் பின்னால் நகர்ந்துவிட்டேன். நீ முன்னால் வந்து மேல்குரல் எடுக்கும் இடம் அது. யாரும் வரவில்லை. வெர்லனின் கீழ்க்குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் வெர்லன் சோளரொட்டியும் கையுமாக என்னைப் பிடித்துக்கொண்டான். "யாருக்குக்கா வழி விட்ட? பேய்க்கா?"

"வாயை மூடுடா. காலு பழகிப்போச்சு."

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். பிறகு, "நானுந்தாங்கா மைக்கை விட்டுத் தலையத் திருப்பிக்கிட்டேன். அவ வந்தா இடிக்குமேன்னு" என்றான்.

வருகிற சனிக்கிழமையும் அந்த இடத்தில் பின்னால் நகரத்தான் போகிறேன். நீ பாட வேண்டாம், வந்து நின்றால் போதும். உன் தோள் இடிக்காமல் எனக்குச் சுருதி சேரவே மாட்டேன் என்கிறது.

உன் இடப்பக்கத்தில் நிற்கும்,
அக்கா