பத்துக்கு மூணு

அக்கா,

இன்று அலமாரியைத் துடைக்கும்போது, மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் மேலே ஏறுமே, அந்தப் பிளாஸ்டிக் கருவி கையில் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். உங்களுடையதில் ஒரு பந்துகூட ஏறியதில்லை.

உங்களுக்கு ஊர் பிள்ளைப்பாக்கம், ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. நான் கார் ஒயர் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்பவள். அடுத்தடுத்த கட்டிலில்தான் பழக்கமானோம். ஒரே நாளில் இருவருக்கும் வயிற்றைத் திறந்து பெரிய ஆபரேஷன். எனக்கு முதுகில் மெல்லிய குழாய் வைத்து, வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். வயிறு யாருடையதோ போல் கிடந்தது. நீங்கள் இதய வால்வுக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர். முதுகுத்தண்டில் ரத்தம் கசிந்தால் கால் விழுந்துவிடும் என்று, மயக்க டாக்டர் உங்களுக்கு அதற்குப் பதில் வயிற்றின் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தார்.

"இது ஒரு நாள்தாம்மா தாங்கும். அப்புறம் வலிச்சா உடனே சொல்லணும், வேற ஊசி இருக்கு" என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் அதன் வேகம் இறங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்த உங்கள் விரல்கள் வெளுத்திருந்தன. நர்ஸ் வந்து, "பத்துக்கு எத்தன வலிக்குது?" என்றார்.

"மூணு" என்றீர்கள்.

அவர் நகர்ந்ததும், "ஏன்க்கா பொய் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அந்த ஊசி போட்டா தூக்கம் அமுக்குது. என் பொண்ணு ஷிப்ட் வுட்டு வந்து ஒரு மணி நேரம்தான் குந்திகினு போவுது. அது மூஞ்சப் பாக்காம தூங்கச் சொல்றியா? நீ வாயத் தொறக்காத."

திறக்கவில்லை.

மூன்று நாளும் அதே மூணு. நெஞ்சில் சளி தங்கக்கூடாது, இருமுங்கள் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். நீங்கள் வலிக்குப் பயந்து, தலையணையை வாயில் வைத்து இருமலை அடக்கினீர்கள். நான் பக்கத்திலேயே சுலபமாக இருமிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காய்ச்சல், நெஞ்சு முழுக்கச் சளி. ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, "பொண்ணு வந்தா, அம்மா தூங்குதுன்னு சொல்லு" என்றீர்கள். அதுதான் கடைசி. ஐசியூவிலிருந்து நீங்கள் உயிரோடு திரும்பவில்லை.

கழுத்தில் கம்பெனி கார்டோடு ஓடி வந்த உங்கள் பெண், அழுது முடித்தபின் என்னிடம் கேட்டாள். "உங்ககிட்ட இன்னா சொன்னாங்க ஆன்ட்டி? ரொம்ப வலிச்சுதா?"

"இல்லம்மா" என்றேன்.

இப்போதும் எப்போதாவது போன் செய்கிறாள். எதையோ பேசிவிட்டு அதையே கேட்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். அவளைப் பார்க்கத்தான் விழித்துக் கிடந்தீர்கள் என்று தெரிந்தால் அந்தப் பெண் இனி எப்படித் தூங்குவாள்? நர்ஸிடம் நான் வாயை மூடியிருந்தது தப்பு. இவளிடம் மூடியிருப்பது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அக்கா.