மற்றவர்களின் முறை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் என் முழங்கால்களும் ஒருவாறு சமாதானமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் நீ பாதியில் அழ ஆரம்பித்துவிடுகிறாய், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வாங்கி, "வீட்டை வித்துட்டு வந்துடுங்க அத்தை" என்று அத்தனை பணிவாகச் சொல்கிறார், எனக்கு மறுத்துப் பேச வாய் வருவதில்லை. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே முழுவதும் படித்துவிட்டு அப்புறம் அழு.

பம்படியில் நான் விழுந்ததை உனக்குச் சொன்னது நர்ஸ்தான் என்று எனக்குத் தெரியும், அவள் வாயில் எதுவும் தங்காது. விழுந்தது உண்மை. வாளி நெளிந்தது, நான் நெளியவில்லை. ஆனால் உச்சிவெயிலில் தண்ணீர் சுமக்க இனி என்னால் ஆகாது என்பதும் உண்மை. அதற்கு ஒரு வழி பிறக்காவிட்டால் நீ சொல்கிறபடி வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுவது என்று மனத்துக்குள் முடிவே செய்திருந்தேன், விலை பேச ஒருவர் வந்து சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டும் போனார். "அங்க நம்ம ஆளுங்கன்னு ஒருத்தர்கூட இல்லையே, யாரை நம்பிம்மா இருக்கீங்க" என்று நீ கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் அப்பா இங்கே மர ஆலைக்குக் கணக்கராக வந்தபோது உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, நீ இங்கே விருந்தாளியாக வந்து போனவள், இந்த ஊரில் யார் யார் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. மேட்டுத் தெருவில் இருப்பவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், குட்டையான உருவம், அகன்ற முகம், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். ஊர் முதலில் எங்களுடையது என்று நாளுக்கு ஒரு முறையாவது சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஆற்றோரம் இருப்பவர்கள் அக்கரைக்காரர்கள், வெள்ளத்தில் சொந்த ஊரைப் பறிகொடுத்து வந்தவர்கள், நல்ல கறுப்பு, சுருட்டை முடி, ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். ஆலைக் குடியிருப்பில் இருப்பவர்கள் மரம் அறுப்பதற்காக எங்கோ குளிர்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் தக்காளி மாதிரி ஆகிவிடுவார்கள். வீட்டுக்குள் அவரவர் பாஷை, தெருவுக்கு வந்தால் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. இந்த மூன்றிலும் சேராதவர்களுக்கு ஊரில் "மற்றவங்க" என்று பெயர். நான், முடிவெட்டுகிறவர், மாட்டு டாக்டர், அந்த நர்ஸ். நர்ஸின் அம்மா மேட்டுத் தெரு, அப்பா அக்கரை, இரண்டு பக்கமும் சொந்தம் என்பதால் எந்தப் பக்கத்திலும் சேராதவள்.

ஊருக்கு ஆழ்துளைக் கிணறு ஒன்றுதான். பம்பு அறைச் சாவி வருஷத்துக்கு ஒரு கூட்டத்தாரிடம் போகும். யாரிடம் சாவியோ அவர்களுக்கு விடியற்காலைத் தண்ணீர், பிறகு மற்ற இரண்டு கூட்டத்தாருக்கும், எல்லாம் முடிந்து உச்சிவேளையில் எங்களுக்கு, அப்போது குழாயில் நூல் மாதிரிதான் ஒழுகும். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது, நம்ம முறை வரும்போது நாமும் அப்படித்தானே செய்யப்போகிறோம் என்று பொறுத்துக்கொள்வார்கள். முறையே வராதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆலையின் பலகைக் கொட்டகையில் சாவி மாற்றும் கூட்டம். அக்கரை மீசைக்காரர் சாவியை மேட்டுத் தெருக் கிழங்கு வியாபாரியிடம் நீட்டுகிற நேரம் பார்த்து நான் எழுந்து நின்று, இந்த வருஷம் அது மற்றவர்களுக்கு வர வேண்டும் என்றேன். கொட்டகையே சிரித்தது. "மற்றவங்கன்னா யாரும்மா? கை தூக்குங்க பாப்போம்" என்றார் மீசைக்காரர். நான் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் முடிவெட்டுகிறவரின் கை இரண்டும் சட்டைப்பையில் இருக்கிறது. அவருடைய மாமியார், ஆலைக் குடியிருப்பில் துணி வெளுக்கிறாளே அந்தச் செம்பட்டை முடிக்காரி, "அவரு எங்க வீட்டு மாப்பிள்ளை, அவரை எப்படி மத்தவங்கன்னு சொல்லலாம்?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். மாட்டு டாக்டரை மேட்டுத் தெருக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், "எங்க ஆடு அத்தனைக்கும் பிரசவம் பாத்தவரு, எங்க ஆளு." நர்ஸை இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்தார்கள், அவள் கையைத் தூக்குவதா இறக்குவதா என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டாள். நேற்றுவரை உச்சிவெயிலில் என்னோடு வரிசையில் நின்றவர்களை, சாவி என்று பேச்சு வந்ததும் ஆளுக்கொருவராகப் பங்கு போட்டுக்கொண்டார்கள் பார். துணி வெளுக்கிறவள் பெரிய மனசு பண்ணி, "கணக்கரம்மாவும் எங்க ஆலை ஆளுதான்" என்றாள். நான் யாருடைய ஆளும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கிழங்கு வியாபாரிக்கு ஒரே கொண்டாட்டம். "ஒத்தை ஆளுக்கு ஒரு வருஷமா? ரொம்ப நல்லா இருக்கே உங்க நியாயம்!" என்றார். ஒத்தை ஆளாக இருப்பதால்தான் கேட்கிறேன் என்றேன். உங்களில் யாரிடம் சாவி போனாலும் முதல் தண்ணீர் உங்கள் சொந்தக்காரர்களுக்கு, முதல் தண்ணீரைக் கொடுக்க எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. மீசைக்காரரின் மனைவி பின்னாலிருந்து, "அந்தம்மா கேக்கறதுல என்ன தப்பு? குடுத்துத் தொலைங்க" என்று அதட்டினாள், ஆலைப் பக்கமும் தலையாட்டியது. எல்லோரும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டார்கள் என்று நினைத்து நீ உருகிவிடாதே, மேட்டுத் தெருவுக்குப் போவதைவிட என்னிடம் போனால் தேவலை என்று இரண்டு பக்கமும் போட்ட கணக்கு அது. கிழங்கு வியாபாரி, அடுத்த வருஷம் கண்டிப்பாக எங்களுக்கு என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். எப்படியோ, சாவி இப்போது என் இடுப்பில்.

நான் கொண்டுவந்த ஒழுங்கு மிகச் சுலபம். இன்று ஒரு தெருவுக்கு முதல் தண்ணீர், நாளை அடுத்த தெருவுக்கு, இனம் பார்ப்பதில்லை, முடிவெட்டுகிறவரும் டாக்டரும் நர்ஸும் அவரவர் தெருவோடு. என் வீடு மட்டும் எந்நாளும் கடைசி. நான் படித்த கான்வென்டில் பந்தி மேற்பார்வைக்கு நிறுத்தப்படும் பெண் கடைசியில்தான் சாப்பிட வேண்டும், சிஸ்டர் அதில் கண்டிப்பு, நானும் அப்படியே. ஆனால் முதல் நாள் எல்லோரும் பிடித்து முடித்து நான் வாளியை எடுக்கப் போனால் என் பின்கட்டு டிரம் ததும்பி நிற்கிறது, பக்கத்தில் யாரோ இரண்டு குடம் வேறு நிரப்பி வைத்திருக்கிறார்கள், சாவிக்காரியைக் கைக்குள் போட்டுக்கொள்ள மூன்று பக்கமும் தனித்தனியே யோசித்திருக்கிறது! எனக்கு வந்த கோபத்தில், இது லஞ்சம் என்று சொல்லி அத்தனையையும் செடிகளுக்குக் கவிழ்த்துவிட்டேன். மறுநாளும் நிரப்பினார்கள், மறுநாளும் கவிழ்த்தேன். மூன்றாம் நாள் துணி வெளுக்கிறவள் இடுப்பில் கை வைத்து என் வாசலில் நின்று, "நாங்க மூணு பக்கமும் பேசிட்டோம். சாவி உங்ககிட்ட இருந்தாலும் ரொப்புவோம், போனாலும் ரொப்புவோம். ஊத்துங்க, ஊத்துங்க, ஊர்த் தண்ணியை வீணாக்கற சாவிக்காரம்மான்னு அடுத்த கூட்டத்துல நானே எந்திரிச்சு சொல்றேன்" என்றாள். என்னை இப்படி மடக்கிப் பேச அப்பாவுக்குக்கூடத் தைரியம் வந்ததில்லை. டிரம்முக்கு மூடி போடச் சொன்னேன். ஆலைக்காரர்கள் பலகையில் ஒரு மூடி செய்து தந்தார்கள், ஒரு பக்கம் கொஞ்சம் கோணல், சொல்லித் திருத்தி வாங்கியிருக்கிறேன்.

ஆகவே நான் இப்போது வாளி தூக்குவதில்லை. வீட்டுக்கு விலை பேச வந்தவருக்கும் விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளையிடம் அத்தை கோபமாக இல்லை, வேலையாக இருக்கிறாள் என்று சொல். பெரியவனுக்கு எழுத்து கோணலாகப் போகிறது என்றாயே, நாற்காலியைச் சரியாகப் போட்டு உட்காரச் சொல், பாதித் தப்பு முதுகில்தான். உனக்குச் சாயங்காலத் தலைவலி இன்னும் வருகிறதா, கண்ணாடியை மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்வது.

உங்கள் எல்லோருக்கும் நல்ல உடம்பும் நிம்மதியான தூக்கமும் கிடைக்க ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொள்கிறேன். விடுமுறைக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவசியம் வா. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், சாவிக்காரியின் மகள் என்று நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னால் போய் நின்றால், அத்தனை பேர் முன்னிலையிலும் நானே உன்னைக் கடைசிக்கு அனுப்புவேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா