பின்விளக்குக்கு மாட்டிய ரப்பர்

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

காலில் மாவுக்கட்டோடு படுத்தபடி எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள். போனில் பேசினால் உன் மாப்பிள்ளை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

விபத்து நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் அவரோடு பேசுவதில்லை. சாயங்கால நேரம், கொட்டுகிற மழை, விளக்குப் போடாமல் ஒரு மனுஷன் கார் ஓட்டுவாரா? பின்னால் வந்து இடித்த வேன்காரர், "பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லைங்க" என்று போலீசிடம் சொன்னார். இவரோ போட்டேன், போட்டேன் என்றே சாதிக்கிறார். நான் பின் சீட்டில் கண்ணயர்ந்திருந்தேன், எனக்கு என்ன தெரியும்?

அப்பாவின் காரை உன் பட்டறைக்குத்தான் இழுத்துப் போயிருக்கிறார்கள். பின்விளக்கைச் சுற்றியிருந்த பழைய ரப்பர் வெடித்துவிட்டதென்று போன மாதம்தானே நீ புதுசு போட்டுத் தந்தாய். விளக்கில் ஏதும் கோளாறு இருந்திருக்குமா? நீ சொன்னால் நம்புவேன்.

உன் பாப்பா

ஜூன் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

காலை அசைக்காதே. அண்ணி உன்னை நினைத்து நினைத்துப் புலம்புகிறாள்.

விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. என் கையால் போட்டது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர், மறந்திருப்பார். அதற்காக மனுஷனைப் பட்டினி போட்டுவிடாதே.

அண்ணன்

ஜூலை 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். "மச்சானே சொல்லிட்டாருன்னா நான்தான் மறந்திருக்கணும்" என்றார். அன்றோடு லைசென்ஸை பீரோவில் பூட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில்தான் போகிறார். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து மூன்று தடவை திரும்பி வருகிறார். போர்டில் கணக்குப் போடும்போது நடுவில் அப்படியே நின்றுவிடுகிறாராம்.

பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் வருகிறது. கட்டுப் பிரித்ததும் உன் வீட்டில் வந்து கொஞ்ச நாள் இருக்கலாமென்று பார்க்கிறேன். திரும்பிப் போவேனா என்று இப்போது கேட்காதே.

உன் பாப்பா

ஜூலை 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ இங்கே வரவேண்டாம். போனில் சொன்னால் பாதியிலேயே விழுங்கிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை விளக்குப் போட்டிருக்கிறார். எரியாமல் செய்தவன் நான்.

அந்த ரப்பர் வளையத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. உள்ளே புகுகிற தண்ணீர் வடிய அது அடியில் வரவேண்டும். ஒயர் போகிற வழி என்று நினைத்து, இரண்டு விளக்கிலும் அதை மேலே வைத்து மாட்டிவிட்டேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "மச்சான், இது கீழ வரணுமோ?" என்று கேட்டார். "சாக்பீஸ் பிடிக்கிற கைக்கு ரப்பரைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

உன் முதல் கடிதம் வந்த பிறகுதான், உடையாமல் தப்பிய விளக்கைக் கழற்றினேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. பல்பு மாட்டுகிற இடம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது, பல்புக்குக் கரண்டே போயிருக்காது. யாரும் பார்க்கவில்லை. துடைத்து, ரப்பரைத் திருப்பிச் சரியாக மாட்டினேன். அதற்குப் பிறகு கை கழுவிக்கொண்டு வந்துதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

வெட்கமாக இருக்கிறது, பாப்பா. முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள வாய் கூசுகிறது. நாளைக்கு ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்கிறேன். இதை மாப்பிள்ளையிடம் காட்டு. வந்து அவர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

அண்ணன்

ஜூலை 11

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அவரே இரண்டு தடவை படித்தார். "அப்போ நான் போட்டுத்தான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. எழுந்து போக முடியாமல் கட்டிலிலேயே கிடந்தேன்.

அவருக்கு உன்மேல் கோபமில்லை. "தப்பு யாருக்கும் வரும், மச்சானை வரச் சொல்லு" என்கிறார். நான்தான் வேண்டாமென்றேன். ரப்பரைத் தலைகீழாக மாட்டியதை நான் மறந்துவிடுவேன். அவரைப் பார்த்து நீ சிரித்ததைக்கூட மறந்துவிடுவேன். ஆனால் கூடவே வாழ்கிற மனுஷன் சத்தியம் செய்தபோது நம்பாமல், நீ எழுதிய நாலு வரியை நம்பினேனே. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அண்ணி போன் செய்தால் பேசுகிறேன். நீ வராதே, எழுதவும் வேண்டாம்.

அவர் சீப்போடு வந்து நிற்கிறார், எனக்குத் தலை வாரிவிட. இத்தோடு முடிக்கிறேன்.

தங்கை