தென்னையைத் தின்ற மணிபிளான்ட்

மச்சான்,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? போன வாரம் சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில், நாலு பேர் பார்க்க உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்லாவுக்கு மேலே ஒரு பாட்டிலில் மணிபிளான்ட் வைத்திருந்தார்கள். சின்னக் கொடி, மிஞ்சிப்போனால் நாலு இலை. பார்த்ததும் முழங்கையில் ஆரம்பித்த அரிப்பு கழுத்துக்குப் போய், அப்புறம் சபையில் சொல்லமுடியாத இடத்துக்கெல்லாம் போய்விட்டது. இலை என் மேல் படக்கூட இல்லை. சப்ளையர் தோசையை மேஜையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு நகர்ந்தான். எதிரே இருந்த அம்மா தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இது சொறி இல்லையம்மா, என் மச்சானோட நினைப்பு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த ஓட்டல் வாசலில் நின்றால் நீ கொடி திருடின லாட்ஜ் தெரிகிறது. மாடியில் வேறு பெயர் போட்டு வேறு வர்ணம் அடித்திருக்கிறார்கள். நீ சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த புதிது. என் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு உன்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். காலையில் அறையைக் காலி செய்துவிட்டு இறங்கினோம். வரவேற்பு மேஜையிலிருந்து ஜன்னல் வரைக்கும் மணிபிளான்ட் படர்ந்திருந்தது. நீ அதைப் பார்த்த பார்வையை உன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

கேட்டால் கொடுத்துவிடுவார்களே என்றேன். "கேட்டு வாங்கினா வளராது மச்சான். திருடி வெச்சாதான் வளரும்" என்றாய். ஊரெல்லாம் சொல்வதுதான். ஆனால் நேற்றுவரை பாலைவனத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு அது எப்படி மறக்காமல் இருந்தது என்று எனக்கு ஆச்சரியம். ஒரு முழக் கொடியை ஒடித்துச் சட்டைக்குள் விட்டாய். பிறகு பெரிய மனுஷன் மாதிரி மேனேஜரிடம் சாவியைக் கொடுத்து, ரூம் ரொம்ப சுத்தமாக இருந்தது என்று பாராட்டு வேறு. அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"பாய், வால் தொங்குது. உள்ள தள்ளிக்குங்க. நானும் வடலூர்லேருந்து இப்படிக் கொண்டாந்ததுதான்."

கடலூர் வருகிற வரைக்கும் பஸ்ஸில் நீ வாயைத் திறக்கவில்லை. நான் 'வால்' என்ற சொல்லை விடவில்லை.

அந்தக் கொடியைத்தான் முதுநகரில் உன் வீட்டுக் கொல்லையில், தென்னை மரத்தடியில் நட்டாய். பாட்டிலில் இருக்கும்வரை அது செடி. மண்ணும் மரமும் கிடைத்ததும் அது வேறு சாதி. இரண்டு மழைக்காலத்துக்குள் இலை முறம் அளவுக்கு வந்துவிட்டது. தண்டு உன் மணிக்கட்டு பருமன். தென்னை மரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தேங்காய் பறிக்க வந்த ஆள்கள் பாம்பு இருக்கும் என்று திரும்பிப் போனார்கள். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் ஒரு இலைக்குப் பக்கத்தில் நிறுத்தி நீ போட்டோ எடுப்பாய். பணம் எங்கே மச்சான் வந்தது, வெறும் பிளான்ட்தானே வந்தது என்று நான் கேட்காத நாள் இல்லை.

வெட்டிவிடேன் என்று ஒருநாள் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். அதற்கு முந்தைய புயலில் தென்னை பின்னறைப் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த அறைக்கு மேலே இருப்பது சிமெண்ட் ஷீட். கொடியின் கனமும் சேர்ந்து மரத்தை வருஷத்துக்கு வருஷம் இழுத்துக்கொண்டிருந்தது. நீ முண்டா பனியனோடு, ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாய். குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. "அங்க கண்ணுக்குப் பச்சையே படாது மச்சான். பெயிண்ட் டப்பாவுலதான் பச்சையப் பாப்பேன்" என்றாய். அடுத்த இலையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றாய்.

அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ இருக்கிற வரைக்கும் என்றால் அது ரொம்ப நாள் என்று நினைத்தேன்.

புரட்டாசியில் நீ போனாய். உன் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்து, ஒரு மாதம் உன் வீட்டுத் தெருவில் வண்டியை விடாமல் சுற்றுவழியாகப் போனேன். உன் பெண்டாட்டி, எனக்குத் தங்கச்சி, புருஷன் போனால் இருக்கிற இத்தாவில் உட்கார்ந்திருந்தது. நாலு மாசத்துக்கு மேல் வெளியே வராது, வேற்று ஆண்கள் கண்ணில் படாது. முன்ஹாலில் ஆள்கள் வந்துபோவார்கள் என்று பின்னறையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அந்த ஷீட் போட்ட பின்னறை.

கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். முதல் நாள் ஒரு நம்பர், மறுநாள் காலையில் அதைவிடப் பெரிய நம்பர். மீன் இறங்கவில்லை, மீன் ஏற்றுகிற என் வண்டிக்கு லோடும் இல்லை. அப்போதுதான் உன் மகள் போன் செய்தாள். உன் காரியத்துக்கு வந்தவள் அம்மாவுக்குத் துணையாக இருந்துவிட்டாள். "மாமா, மரம் ஆடுற சத்தம் ரூமுக்குள்ள கேக்குது. அம்மா முன்ஹாலுக்கு வந்து படுக்கவும் மாட்டேங்குது, மரத்தத் தொடவும் விட மாட்டேங்குது."

மரமேறி ஏழுமலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். காற்று அப்போதே உப்பாக இருந்தது. ஏழுமலை கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தார், நடந்து சுற்றி வந்தார், மறுபடி பார்த்தார். வேலையை விட்டுவிட்டுப் போகப்போகிற ஆள்தான் அப்படிப் பார்ப்பான். பிறகு மேலே கை காட்டினார்.

முந்தின மாதம் துணி காயப்போட இடைஞ்சல் என்று உன் மகள் சொல்ல, நான்தான் தங்கச்சிக்குத் தெரியாமல் கொடியின் அடித்தண்டை வெட்டியிருந்தேன். காய்ந்து தானாகக் கொட்டிவிடும் என்று நினைத்தோம். ஒரு இலைகூட வாடவில்லை. பிறகு தெரிந்தபோது, உன் ஆசைதான் காப்பாற்றுகிறது என்று தங்கச்சி நினைத்ததாம். காரணம் இப்போது தெரிந்தது. கொடி மரத்திலிருந்து தாவி, குளியலறை மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வேர் விட்டிருந்தது. மாதக்கணக்காக உங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அது சுகமாக இருந்தது. மரத்துக்கும் தொட்டிக்கும் நடுவே என் தொடை பருமனுக்கு ஒரு பின்னல்.

ஏழுமலை குரலைத் தணித்துச் சொன்னார்: "மரம் உழுந்தா தொட்டியையும் இழுத்துக்கும். ரெண்டும் சேந்து அந்த ரூம்பு மேலதான். மழ புடிச்சிட்டா நான் ஏற மாட்டேன். சீக்கிரம் கேட்டுச் சொல்லு."

பின்னறை வாசலில் திரை தொங்கியது. அதற்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டேன், உயிருக்கு ஆபத்து என்றால் வேறு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார், என் வீட்டுக்கு வா தங்கச்சி என்றேன். வரமாட்டேன், அவர் இருந்த வீட்டில்தான் இத்தாவை முடிப்பேன் என்றது. அப்படியானால் முன்ஹாலுக்காவது வா, மரத்தை எடுத்துவிடுகிறோம் என்றேன். அவர் கையால் துடைத்த இலை, நான் போகிற வரைக்கும் அது இருக்கும் என்றது. கோபமாகச் சொல்லவில்லை. சமையல் சொல்கிற மாதிரி சொன்னது. அதுதான் பயமாக இருந்தது. மேலே ஷீட்டில் ஓலை உரசி உரசிப் போனது.

அப்போதுதான் உன் வார்த்தை ஞாபகம் வந்தது.

"தங்கச்சி, அவன் எங்கிட்ட சொன்னான். நான் இருக்கற வரைக்கும் இருக்கட்டும்னான். அதுக்கப்புறமும் இருக்கட்டும்னு சொல்லல."

திரைக்குப் பின்னாலிருந்து, "வெளையாட்டுக்குச் சொல்றீங்களா அண்ணே?" என்றது.

நியாயமான கேள்வி மச்சான். உன் கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று பெண்வீட்டில் சொன்ன ஆள் நான். அந்த வீட்டில் நான் சொன்ன எதையும் யாரும் நம்பியதில்லை. நம்பவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. இப்போது ஒரே ஒரு நிஜத்தை வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அதை எப்படி நிஜம் என்று காட்டுவது என்று தெரியவில்லை. இல்லை தங்கச்சி என்று மட்டும் சொன்னேன்.

அது சொன்னது: "நீங்க சிரிக்காம பேசி நான் கேட்டதில்ல. வெட்டிடுங்கண்ணே."

அது எழுந்து முன்ஹாலுக்குப் போகிற வரைக்கும் நான் கொல்லையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் தொட்டியை விடுவித்தோம். குளியலறை மேல் ஏறி அந்தப் பின்னலை நான் அறுத்தேன். பிறகு ஏணியில் நின்றுகொண்டு மரத்தைப் பிடித்திருந்த கொடியை உரித்துக் கீழே தள்ளினேன். அது சும்மா வரவில்லை. ஒவ்வொரு கணுவிலும் வேர், பல்லி மாதிரி பட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது. தண்டு வெட்டுப்பட்ட இடத்திலிருந்து சாறு என் கைகளில் வழிந்து, வியர்வையோடு சட்டைக்குள் இறங்கியது. அரிப்பு அங்கே ஆரம்பித்ததுதான். ஏணியில் இரண்டு கையும் வேலையில் இருக்க, எதைக் கொண்டு சொறிவது? பல்லைக் கடித்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். நல்ல வார்த்தையாக ஒன்றுகூட இல்லை. உன் மகள் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏணி எட்டாத உயரத்தில் மிச்சத்தை ஏழுமலை அரிவாளால் சீவிக்கொண்டே ஏறினார். ஓலைக் கொண்டைக்குக் கீழே வடத்தைக் கட்டி மறுமுனையைக் கீழே போட்டார். அதைச் சந்தில் நின்ற என் குட்டியானை வண்டியில் கட்டி, மெல்ல முன்னால் எடுத்து, விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். தளர்ந்தால் கொண்டை அறை மேல் விழும். அதிகமாக இழுத்தால் மரமே முறியும், ஏழுமலையோடு. கிளட்சில் கால் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரித்தது. சொறிந்தால் கால் நழுவும்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. சந்தில் இருந்த குப்பையெல்லாம் ஒரு பக்கமாக ஓடியது. வடம் முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. வண்டியின் பின்பக்கம் லேசாகத் தூக்கியது. மேலே ஏழுமலை அரிவாளை வாயில் கவ்விக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்து, அதோடு சேர்ந்து அறைப் பக்கம் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே துஆவைச் சொன்னேன். பாதியில் மறந்துபோய் முருகனைச் சேர்த்துக்கொண்டேன்.

காற்று அடங்கியதும் அவர் கொண்டையடியை வெட்டிவிட்டுக் கையை அசைத்தார். ஒரு முழம் முன்னால் எடுத்தேன். கொண்டை முறிந்து, மண்ணில், நாங்கள் நினைத்த இடத்தில் விழுந்தது. பிறகு மரத்தைத் துண்டு துண்டாக இறக்கி முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

புயல் வந்து போனது. விடிந்ததும் ஓடினேன். பின்னறை ஷீட்டில் ஒரு கீறல் இல்லை. பக்கத்துத் தெருவில் சாய்ந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்ததால், ஷீட்டை இன்னொரு தரம் சுற்றிவந்து பார்த்தேன். உள்ளேயிருந்து உன் மகள் வந்து, வெளிச்சம் ஜாஸ்தியாகிவிட்டது, தூங்க முடியவில்லை என்று அம்மா உங்களைத் திட்டுகிறது என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அரிப்பு என்று சொல்லிவிட்டேன்.

கொல்லையில் குவிந்துகிடந்த கொடியை வண்டியில் அள்ளும்போது, நல்ல நுனியாக ஒரு முழம் ஒடித்தேன். கேட்டிருந்தால் தங்கச்சி ஆசையாகக் கொடுத்திருக்கும். அதனாலேயே கேட்கவில்லை. சட்டைக்குள் விட்டுக்கொண்டு, போய்வருகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"மாமா, வால் தொங்குது" என்றாள் உன் மகள்.

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறாய்.

இப்போது அது என் வீட்டில், பிரிட்ஜுக்கு மேலே, பாட்டிலில் இருக்கிறது. உன் வார்த்தையும் அதோடு இருக்கிறது. நான் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு யாரும் திரைக்கு வெளியே உட்கார்ந்து கெஞ்சவேண்டாம். இரண்டு முழத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுவேன். கைக்குப் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, ஈரத்துணியால் இலையைத் துடைக்கவும் செய்கிறேன்.

நேற்று முன்தினம் குமராட்சியில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும்போது பார்த்தேன், கொடி பிரிட்ஜின் பின்பக்கமாக இறங்கியிருந்தது. பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. அதோடு பிளக்கும் வந்தது, அது எனக்குத் தெரியாது. பூட்டிக்கொண்டு போனோம். நேற்று சாயங்காலம் திரும்பி வந்தோம். பிரிட்ஜில் வஞ்சிரம் இருந்தது.