பத்துக்குப் பத்துங்க

அக்கா,

நனைந்த பனியன் துணிக்கு ஒரு வாசனை உண்டு. இன்று காலை அதுதான் உங்களை மண்ணரையில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தது. எனக்கு வலது முட்டி மாற்றி இன்றோடு பன்னிரண்டு நாள். ஐஸ் பையைத் தோலில் நேராக வைக்கக்கூடாது என்றார்கள். கட்டிங் வேஸ்டில் கிடந்த துண்டு ஒன்றைச் சுற்றி வைத்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் உங்கள் முட்டிக்கும் நான் அப்படித்தான் சுற்றினேன். அது ஞாபகம் வந்ததும் படுத்தபடியே சிரித்துவிட்டேன்.

"என்னத்துக்கு அத்த சிரிக்கீய? மாத்திரை எதுவும் கூடிப்போச்சா?" என்று மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்றது பதினெட்டு வருஷம். நீங்கள் சேவூர், நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். என் பேச்சு உங்களுக்குச் சண்டை போடுவது மாதிரி இருக்கும். உங்கள் பேச்சு எனக்குக் கல்யாண வீட்டுக்கு அழைப்பது மாதிரி இருக்கும். சூப்பர்வைசர் வந்து "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால், பத்து பீஸில் எத்தனை பாஸ் என்று அர்த்தம். "பத்துக்குப் பத்துங்க" என்பீர்கள். அந்தப் பெருமை உங்கள் முகத்தை விட்டு இறங்க அரைமணி நேரம் ஆகும்.

நின்று நின்றே உங்கள் முட்டி தேய்ந்தது. அதற்காகக்கூட நீங்கள் ஆபரேஷனுக்கு ஒப்பவில்லை. ஊரில் வள்ளி கும்மி வகுப்பில் சேர்ந்து, பாதியில் வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டீர்கள். அதுதான் உங்களை உறுத்தி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தது. "நடக்கறதுக்கு இல்லீங் அம்மிணி, ஆடறதுக்குத்தான்" என்று எனக்கு மட்டும் சொன்னீர்கள். கூடவே ஒரு பயமும் இருந்தது. லாரி விபத்தில் அடிபட்ட உங்கள் தம்பி, வலி ஊசி இல்லாமல் இருக்க முடியாதவராகிப் போனதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தக் கூத்து நடந்தது. ஆபரேஷனுக்கு மறுநாள் காலை, அரைத்தூக்கம். நர்ஸ் வந்து, "பத்துக்கு எத்தனைங்கம்மா?" என்று கேட்டாள். வலிக்குத்தான் மார்க் கேட்கிறாள் என்று உங்களுக்கு எங்கே தெரியும்? கண்ணைத் திறக்காமலே சிரித்துக்கொண்டு, "பத்துக்குப் பத்துங்க" என்றீர்கள். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார் என்று அவள் நினைத்தாள். டாக்டருக்குச் சொல்லி, வீரியமான ஊசியைப் போட்டாள். நான் அப்போது காபி வாங்கப் போயிருந்தேன்.

திரும்பி வந்தால் உங்கள் கண் எங்கேயோ சொருகியிருக்கிறது. இரண்டு தடவை வாந்தி. நடுவில் ஆஸ்பத்திரிப் போர்வையைக் கையால் தடவித் தடவி, சரிசெய்ய ஒதுக்க வேண்டிய பீஸ் என்று நினைத்து, "இதுல ஓட்டைங்க, ஆல்டர்ல போடுங்க" என்றீர்கள். அன்றைக்கு எழுப்பி நடக்க வைக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சாயங்காலம் நான் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இனிமே வலின்னு சேர்த்துக் கேளுங்க" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போட்டது உங்கள் தம்பிக்குப் போட்ட மாதிரி ஊசி என்று தெரிந்ததும் நீங்கள் அடுத்த கோடிக்குப் போய்விட்டீர்கள். யார் கேட்டாலும், "ஒண்ணுதானுங்க, பரவாயில்லீங்க." தலையணை உறையெல்லாம் வியர்வை. காலைத் தொட்டாலே உடம்பு விறைத்தது. முட்டி மடங்கவே இல்லை. இப்படியே விட்டால் மூட்டு இறுகிப்போகும், அப்புறம் மடக்குவது கஷ்டம் என்று பிசியோதெரபிக்காரப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். நீங்கள் ஆட முடியாமல் போவது என் தலையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அக்கா என்றும் பார்க்காமல் திட்டினேன். "எக்கா, ஓட்ட விழுந்த பீஸ பாஸ் போட்டு அனுப்புனா கன்டெய்னரே திரும்பி வந்துரும்லா. இத்தன வருசம் அடுத்தவ பீஸுல குத்தம் கண்டுபிடிச்சீயள்லா, ஒங்க கால மட்டும் ஏன் மறைக்கீய?"

நீங்கள் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினீர்கள். பிறகு, "ஏழுங் அம்மிணி" என்றீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

டாக்டர் கட்டில் ஓரம் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். "வலிய ஒளிச்சாலும் கெடுதி, வலியே இருக்கக்கூடாதுன்னு வீரியமான மருந்தாப் போட்டாலும் கெடுதிங்கம்மா. மடக்கற அளவுக்குத் தாங்கினாப் போதும்." சாதாரண வலி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தார்கள். ஐஸ், காலுக்கு அடியில் தலையணை, மணிக்கொரு தரம் நாலடி நடை. வீரியமான மாத்திரை பயிற்சிக்கு முன்னால் மட்டும், அதுவும் சின்ன அளவில், இரண்டே நாள். ஏழு ஐந்தாயிற்று, ஐந்து நாலாயிற்று. எண்ணிக்கொண்டே மடக்கச் சொன்னால் உங்களுக்கு வரவில்லை. கும்மிக்குக் கை தட்டி, "தன்னானே" என்று முணுமுணுத்துக்கொண்டே மடக்கினீர்கள், வந்துவிட்டது. எதிர்க் கட்டில் அம்மாவும் கூடச் சேர்ந்து தட்டினார். வீட்டுக்குக் கிளம்பும்போது, மிச்சமிருந்த அந்த வீரியமான மாத்திரைகளை நர்ஸ் கையிலேயே திருப்பிக் கொடுத்தீர்கள். "நமக்கு இது போதுங்க" என்று நீங்கள் சொன்னதில் இருந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

பத்து மாதம் கழித்து, பொங்கலூரில் அரங்கேற்றம். பச்சைப் புடவையில் நூறு பேருக்கு மேல். குதிக்க மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லோரும் குதித்த இடங்களில் நீங்கள் லேசாக முட்டியை மடக்கி ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினீர்கள். கூட்டத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போன மாசியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழவில்லை. அழுதேன். ஆனால் உங்களை நினைத்தால் அழுகையைவிடச் சிரிப்புத்தான் அதிகம் வருகிறது, என்ன செய்ய?

என்னிடம் வலி எத்தனை என்று கேட்கும்போதெல்லாம் உள்ளதைச் சொன்னேன். பத்து என்று கூட்டவும் இல்லை, ஒன்று என்று குறைக்கவும் இல்லை. வீரியமான மாத்திரை மூன்றோடு நின்றது. நேற்று முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கியது. உடனே உங்கள் கும்மி ஆசிரியருக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது, ஒரு அடிகூடத் தெரியாது என்றேன்.

"அக்கா நின்ன எடத்துல இன்னும் ஆள் போடலீங்க. டாக்டர் சரின்னதும் வாங்க," என்றார்.

பெயரைக் கொடுத்துவிட்டேன். நானும் குதிக்க மாட்டேன். நீங்கள் எங்கெங்கே குதிக்காமல் கை தட்டினீர்களோ, அந்த இடமெல்லாம் எனக்கு மனப்பாடம்.